நடவுக்கு ஒரு பணப்பை, தண்ணீருக்கு இன்னொன்று: நியூயார்க்கின் பத்து லட்சம் மரக் கணக்கு

நியூயார்க் மாநகராட்சி 2005–06இல் தன் தெருவோர மரங்களை ஒன்று விடாமல் எண்ணியது: 5,92,130. பத்தாண்டு கழித்து 2015–16இல் மறுபடி எண்ணியது: 6,66,134. கூடியது 74,004. இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவில்தான் ‘மில்லியன் ட்ரீஸ் என்.ஒய்.சி.’ என்ற பெயரில் அந்த நகரம் பத்து லட்சம் மரம் நட்டு முடித்தது. அதில் தெருவோரத்துக்கு என்று வைத்திருந்த இலக்கு மட்டும் 2,20,000.

மிச்சம் எங்கே? கணக்கில் பொய் இல்லை. பத்து லட்சத்தில் பெரும்பகுதி பூங்காக் காடுகளுக்கும் தனியார் மனைகளுக்கும் போனது. தெருவோரக் கணக்கெடுப்பு அவற்றைத் தொடாது. தெருவில் நட்டதிலும் கணிசமான பங்கு, அதே பத்தாண்டில் பட்டுப்போன, வெட்டப்பட்ட, 2010 சுழற்காற்றிலும் 2011 ஐரீன், 2012 சாண்டி புயல்களிலும் சாய்ந்த பழைய மரங்களின் இடத்தை அடைக்கவே சரியாகப் போயிற்று. நட்ட கன்றுகளும் எல்லாம் பிழைப்பதில்லை. நெல் வயலில் பாடுவாசி நிரப்புவதுபோல, நகரத்திலும் நடவின் முதல் வேலை ஓட்டையை நிரப்புவதுதான். அதற்கு மேல் மிஞ்சுவதுதான் வளர்ச்சி.

ஆனால் மரம் சாவது இயற்கை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு தெருமரம் எந்த ஆண்டில், எதனால் சாகிறது என்று பார்த்தால், மாநகராட்சி நிதி எந்த ஆண்டோடு நிற்கிறது என்பதும் கூடவே தெரியும். மரம் நடும் குழுக்களும் அவற்றுக்குப் பணம் கொடுக்கும் நகராட்சிகளும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

பணம் வந்த வழிகள்

மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 2007 ஏப்ரல் 22 அன்று ‘ப்ளான் என்.ஒய்.சி.’ என்ற நகரத் திட்டத்தை வெளியிட்டார். 127 முயற்சிகள் கொண்ட அதில் மரநடவும் ஒன்று. 2017க்குள் பத்து லட்சம். இதில் 70 விழுக்காட்டைப் பூங்காக்களிலும் மற்றப் பொது இடங்களிலும் மாநகராட்சி நடும். மீதி 30 விழுக்காடு தனியார் அமைப்புகள், வீட்டுக்காரர்கள், சமூகக் குழுக்கள் பொறுப்பு. மாநகராட்சி தன் பங்குக்குப் பத்தாண்டில் 40 கோடி டாலர் அளவுக்குச் செலவிடத் திட்டமிட்டது. கூட்டாளி, நடிகை பெட் மிட்லர் 1995இல் தொடங்கிய நியூயார்க் ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட். 2008இல் வங்கியாளர் டேவிட் ராக்ஃபெல்லரும் ப்ளூம்பெர்க்கும் ஆளுக்கு 50 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார்கள்.

இதெல்லாம் செய்தியில் வந்தவை. செய்தியில் அதிகம் வராத இரண்டு வழிகள் உண்டு, அவைதான் இன்றும் ஓடுகின்றன. ஒன்று, 2008இல் திருத்திய மண்டல விதி: புதிதாகக் கட்டிடம் எழுப்புபவர், மனையின் தெரு முகப்பில் ஒவ்வொரு 25 அடிக்கும் ஒரு தெருமரம் நட வேண்டும். 100 அடி முகப்பு என்றால் நான்கு மரம், கட்டுபவர் செலவு. இன்னொன்று, 2010ஆம் ஆண்டின் 3ஆம் எண் உள்ளூர்ச் சட்டம்: நகரத்தின் மரத்தை அகற்றுபவர் ஒன்றுக்கு ஒன்று நட்டுவிட்டுத் தப்ப முடியாது. அகற்றிய மரத்தின் பருமனைக் கணக்கிட்டு அதற்கு ஈடாகப் பல மரம் நட வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். 24 அங்குல விட்டமுள்ள அடிமரத்தின் வெட்டுப்பரப்பு, 3 அங்குலக் கன்றின் வெட்டுப்பரப்பைப் போல 64 மடங்கு. வெறும் வட்டக் கணக்குதான். ஆனால் இதைச் சட்டத்தில் எழுதி வைத்தால் வெட்ட வருபவர் ஒருமுறை யோசிப்பார். வரி வசூலை நம்பாத இந்த இரண்டையும் எந்த நகராட்சியும் பெரிய செலவில்லாமல் கொண்டுவர முடியும்.

40 கோடியை 7 லட்சத்தால் வகுத்து, மரத்துக்கு 571 டாலர் என்று சொல்லிவிடலாம். அந்தச் சராசரி எதற்கும் உதவாது. பூங்காக் காட்டில் தன்னார்வலர் நடும் தொட்டிக் கன்றும், நடைபாதையை அறுத்து இறக்கும் கால் டன் மரமும் இலக்குப் பலகையில் ஆளுக்கு ‘ஒன்று’தான். எண்ணிக்கையை இலக்காக வைத்தால் கை தானாகவே மலிவான ‘ஒன்று’ பக்கம் போகும். நகராட்சியிடம் மானியம் கேட்கும் குழுவோ கொடுக்கும் நகராட்சியோ முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான். எத்தனை தெருமரம், எத்தனை காட்டுக் கன்று, வீட்டுக்குக் கொடுத்தவை எத்தனை என்று மூன்றுக்கும் தனித் தலைப்பு, தனி விலை, தனிப் பிழைப்பு விகிதம் வேண்டும்.

இரண்டு பணப்பைகள்

நியூயார்க்கில் தெருமர நடவு மூலதனச் செலவு. கடன் பத்திரம் விற்று வரும் பணத்தில் செய்வது. அந்தப் பணத்தைத் தொட நகரத் தணிக்கை விதி இரண்டு நிபந்தனை வைத்தது: வாங்கும் பொருள் குறைந்தது ஐந்தாண்டு உழைக்க வேண்டும், மதிப்பு குறைந்தது 35,000 டாலர் இருக்க வேண்டும். ஒரு மரம் அந்த மதிப்பைத் தொடாது. நூற்றுக்கணக்கான மரங்களைச் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகக் கட்டினால் தொடும். பாலம், பள்ளிக்கூடம், கழிவுநீர்க் குழாய் எல்லாம் இந்தப் பையில்தான்.

தண்ணீர் ஊற்றுவது, களை பறிப்பது, கவாத்து செய்வது, பட்ட மரத்தை அகற்றுவது, ஆய்வாளர் சம்பளம் எல்லாம் நடப்புச் செலவு. இதற்குக் கடன் வாங்க முடியாது. அந்தந்த ஆண்டு வரி வருவாயில் பார்த்துக்கொள்ள வேண்டும். வருவாய் சரிந்தால் முதல் வெட்டு இங்கேதான் விழும். ஏனென்றால் கவாத்தை ஓராண்டு நிறுத்தினால் அந்த ஆண்டு ஒன்றும் ஆகாது.

2008 நிதி நெருக்கடியில் நடந்ததும் அதுதான். நடவு ஒப்பந்தங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பணம் ஏற்கனவே வேறு பையில் இருந்தது. ஏழாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தெருவுக்கும் வர வேண்டிய கவாத்துச் சுற்று இரு மடங்குக்கும் மேல் நீண்டது. மரம் ஆண்டுதோறும் கூட, ரம்பம் பிடிக்கும் கை குறைந்தது. 2014இல் நகரத் தணிக்கை அதிகாரி ஸ்காட் ஸ்ட்ரிங்கர் வெளியிட்ட இழப்பீட்டு ஆய்வு கவாத்து வெட்டுக்குப் பிறகு கிளை விழுந்த வழக்குகள் ஏறியதைக் காட்டியது. ஒரே வழக்கில் கொடுத்த 1.15 கோடி டாலர், மூன்றாண்டுக் கவாத்து ஒப்பந்தச் செலவைவிடப் பெரிது. இழப்பீடு வேறொரு கணக்குத் தலைப்பில் போவதால், பூங்காத் துறைக்கு அந்தச் செலவு வலிக்கவே இல்லை என்பது இதில் கசப்பான பகுதி. அந்த அறிக்கைக்கு முன்பே கவாத்துப் பணம் மெல்லத் திரும்ப ஆரம்பித்திருந்தது.

ஒரு மரத்துக்குள் என்ன அடக்கம்

தெருவில் இறக்கும் மரம் குச்சிக் கன்று அல்ல. அடிமரம் 2.5 முதல் 3 அங்குல விட்டம். அமெரிக்க நாற்றங்கால் தர அளவுப்படி 2.5 அங்குல மரத்தின் வேர்ப்பந்து குறைந்தது 28 அங்குல அகலம், 3 அங்குலத்துக்கு 32. தாய்மண்ணோடு தோண்டி, சாக்கில் சுற்றி, கம்பிக் கூடையில் இறுக்கி வரும். 28 அங்குலப் பந்தின் எடை கிட்டத்தட்டக் கால் டன். இரண்டு ஆள் தூக்கி வைக்கிற காரியம் இல்லை. தூக்கி பொருத்திய லாரி வேண்டும். ‘தெருக்காரர்களே நட்டுவிடுவார்கள், மரத்தை மட்டும் கொடுங்கள்’ என்ற யோசனை நியூயார்க் தெருவில் ஏன் எடுபடாது என்பதற்கு இந்தக் கால் டன்னே போதும்.

இடம் கிடைக்கும் தெருவில் குழி 5 அடிக்கு 10 அடி. கான்கிரீட்டை அறுத்து எடுத்து, அடியில் கேபிள், எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று குறிபோட்ட பிறகே தோண்ட முடியும். நடைபாதைக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் மண் அல்ல, பழைய இடிபாடு. மூன்றடி ஆழத்துக்கு அதை மாற்றுவதென்றால் 150 கன அடி, நம்மூர் லாரிக் கணக்கில் ஒன்றரை யூனிட் மண். நடவுப் பருவம் இரண்டே: இலையுதிர் காலத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வசந்தத்தில் மார்ச் முதல் மே வரை. ஒப்பந்தம் கையெழுத்தாவது ஆறு வாரம் தள்ளினால் ஒரு பருவமே போய்விடும். நிதியாண்டின் கடைசியில் அவசரமாகப் பணம் ஒதுக்கும் நகராட்சிகள் வெயிலில் நட்டுக் கன்றைக் கொல்வது இப்படித்தான்.

நடும்போது செய்யும் தவறுகளில் அதிகம் கொல்வது ஆழம். அடிமரம் வேராக விரியும் கழுத்துப் பகுதி மண்மட்டத்தில் தெரிய வேண்டும். நாற்றங்காலில் களை எடுக்கும்போதே இரண்டு மூன்று அங்குல மண் அதன்மேல் ஏறியிருக்கும். ஆகவே பந்தின் மேல்மட்டத்தைக் குழியின் விளிம்போடு சமன் பார்த்தால் போதாது. பந்தின் மேல்மண்ணை விரலால் விலக்கிக் கழுத்தைக் கண்டுபிடித்து, அதைத்தான் சமன் பார்க்க வேண்டும். பந்துக்கு அடியில் தோண்டி இளக்கிய மண் இருந்தால், முதல் மழையில் மரம் இரண்டு அங்குலம் இறங்கிவிடும். எனவே அகலம் தாராளமாக, ஆழம் அளந்து. அடுத்தது கட்டுகள். சாக்கையும் கம்பிக் கூடையையும் மேல்பாதியில் வெட்டி எடுக்க வேண்டும். கழுத்தைச் சுற்றிய நைலான் கயிறு மக்காது, ஐந்தாறு வருடத்தில் மரம் பருக்கும்போது தானே கழுத்தை நெரிக்கும். அப்போது எந்த ஒப்பந்ததாரரும் பொறுப்பில் இருக்கமாட்டார்.

முன்பெல்லாம் எந்த நாற்றங்காலில் எது கிடைக்கிறதோ அதை ஒப்பந்ததாரர் கொண்டுவருவார். ஆகவே இனத் தேர்வைச் சந்தைதான் செய்தது. இந்தத் திட்டத்தின் நல்ல காரியங்களில் ஒன்று, மாநகராட்சி நாற்றங்கால்களோடு நேரடியாகப் பல ஆண்டு வளர்ப்பு ஒப்பந்தம் போட்டது. 2015 கணக்கெடுப்பில் லண்டன் ப்ளேன் என்ற ஒரே இனம் 87,014. தெருமரங்களில் சுமார் 13 விழுக்காடு. 1996இல் ப்ரூக்ளினின் க்ரீன்பாயின்ட்டில், மரத்தைக் குடைந்து கொல்லும் ஆசிய நீள்கொம்பு வண்டு தென்பட்ட பிறகு, மேப்பிள்களையும் எல்ம்களையும் ஆயிரக்கணக்கில் வெட்டி அரைத்த நகரம் இது. ஒரே இனத்தை வரிசையாக நடுவதன் விலை அவர்களுக்குத் தெரியும்.

உத்தரவாதத்தின் மறுநாள்

ஒப்பந்தத்தில் இரண்டாண்டு உத்தரவாதம் உண்டு. அதற்குள் பட்டுப்போனால் ஒப்பந்ததாரர் தன் செலவில் மாற்றித் தர வேண்டும். இது மூலதனப் பணத்தைக் கொண்டு கொஞ்சம் பராமரிப்பையும் சேர்த்து வாங்கிவிடும் கெட்டிக்கார வழி. நகராட்சி நிதியில் நடும் எவரும் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்: நடவின் விலையிலேயே தண்ணீரையும் மாற்றுக் கன்றையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகக் கேட்பது.

‘பட்டுப்போதல்’ என்றால் என்ன என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சண்டை வரும். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரிகிறது, ஆகவே உயிர் இருக்கிறது என்பார் ஒப்பந்ததாரர். மேல்பாதி காய்ந்து, அடியில் நாலு தளிர் விட்ட மரமும் சுரண்டினால் பச்சைதான். தலைப்பகுதியில் எத்தனை பங்கு காய்ந்தால் மாற்ற வேண்டும் என்று எண்ணிலேயே எழுத வேண்டும். மாற்று மரத்துக்குப் புதிதாக இரண்டாண்டு தொடங்குமா, பழைய கெடுவே முடிவா என்பதையும் எழுத வேண்டும். கடைசி மாதத்தில் மாற்றிய மரம் பெரும்பாலும் யாருக்கும் சொந்தமில்லாத மரம்.

தண்ணீர்க் கணக்கு எளிது, ஆனால் பெரிது. இளமரத்துக்கு மே முதல் அக்டோபர் வரை வாரம் 15 முதல் 20 காலன் என்பது நியூயார்க் பூங்காத் துறையின் அறிவுரை. 57 முதல் 75 லிட்டர். ஒரு பருவம் 26 வாரம் என்றால் மேல்வரம்பில் மரத்துக்கு 1,950 லிட்டர். 2,20,000 மரத்தைப் பத்தாண்டில் நடுவதென்றால் ஆண்டுக்கு 22,000. எந்த நேரத்திலும் இரண்டாண்டுக்குட்பட்டவை 44,000. வாரம் 33 லட்சம் லிட்டர், 4,000 லிட்டர் லாரியில் 825 நடை. இரண்டாண்டு முடிந்த மறுநாள் இந்த லாரி நிற்கும். ஆனால் 28 அங்குலப் பந்தில் வெட்டுப்பட்ட வேர், நடைபாதைக்கு அடியில் போய்த் தானே தண்ணீர் தேடிக்கொள்ளும் அளவுக்கு விரிய 2.5 அங்குல மரத்துக்கு இரண்டு மூன்று ஆண்டாவது ஆகும். மூன்றாவது கோடை வறண்டால் அதுவே முடிவு.

இந்தத் திட்டத்துக்கு முன்பு, 1999 முதல் 2003 வரை நட்ட தெருமரங்களை எடுத்து 2006, 2007 கோடைகளில் ஓர் ஆய்வு நடந்தது. 13,405 மரங்களில் 74.3 விழுக்காடு உயிரோடு இருந்தன. மீதி நின்றபடி பட்டவை, அல்லது இடமே காலி. ஒன்றிரண்டு குடும்பம் வாழும் சிறு வீடுகளின் முன்னால் 82.7 விழுக்காடு பிழைத்தது. தொழிற்பகுதி, திறந்தவெளி, காலிமனை ஓரங்களில் 60.3 முதல் 62.9 வரைதான். நகரம் அதே, நட்டதும் அதே மாநகராட்சி; இருபது விழுக்காடு வித்தியாசம். வாசலில் ஆள் இருக்கும் இடத்தில் மரம் பிழைத்தது. குழியில் மூடாக்கு போட்டிருப்பது, பூச்செடி வைத்திருப்பது போன்ற கவனிப்பின் அடையாளம் இருந்த மரங்களும் அதிகம் பிழைத்தன. பெரிய கருவி, ரசாயனம் எதுவும் தேவைப்படவில்லை.

பல நகரங்களின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011 கணக்கு, தெருமரச் சாவை ஆண்டுக்கு 3.5 முதல் 5.1 விழுக்காடு என்கிறது. 100 மரம் நட்டால் பாதியாகக் குறைய 13 முதல் 20 ஆண்டு. நகரத்துக்கு நிழலும் மழைநீர்ப் பிடிப்பும் தருவது பருத்த மரம். அந்தப் பருமனை எட்டுமுன்பே பாதி போய்விடுகிறது என்றால், நடும் வேகத்தைக் கூட்டுவதைவிட ஐந்தை மூன்றரையாகக் குறைப்பதே மலிவு.

தெருக்காரர் பங்கு

சமூகப் பங்கேற்பு என்று ஒரே பெயரில் சொல்வது நியூயார்க்கில் மூன்று வெவ்வேறு வேலை.

பூங்காக் காடுகளில் தன்னார்வலர் நடவு. ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஒரே நாளில் 20,000 கன்று வரை நட்டிருக்கிறார்கள். படத்துக்கு அழகு, எண்ணிக்கைக்கு வேகம். ஆனால் அந்த நிலத்தில் ஏற்கனவே மண்டிக் கிடந்தவை மக்வர்ட் என்ற களையும் பொர்சலைன் பெர்ரி, பிட்டர்ஸ்வீட் என்ற கொடிகளும். நடுவதற்கு முந்தைய பருவத்திலேயே அவற்றை வேரோடு ஒழிக்காவிட்டால், கொடி கன்றின் மேல் ஏறி இரண்டு கோடையில் மூடிவிடும். கன்றுகளின் தலைகள் ஒன்றையொன்று தொட்டு நிழல் விழும்வரை களை எடுக்க ஆள் வேண்டும். நடவு நாளுக்கு ஆயிரம் பேர் வருவார்கள். ஆகஸ்ட் மாதக் களையெடுப்புக்குப் பத்துப் பேரைத் திரட்டுவதே பாடு. அதனால் இந்த வகை நிதியில், நடவு விழாவுக்குக் கேட்கும் தொகையைவிடக் களைக்குக் கேட்கும் தொகை பெரிதாக இருந்தால்தான் விண்ணப்பம் எழுதியவருக்கு வேலை தெரியும் என்று நம்பலாம்.

இரண்டாவது, வீட்டுக்காரர்களுக்கு இலவசக் கன்று. வாங்குபவர் நகரத்தின் ஐந்து பெருவட்டங்களுக்குள் நட வேண்டும்; தெருவோரத்திலோ பூங்காவிலோ மாடித் தொட்டியிலோ நடக்கூடாது. செலவு குறைவு. நட்டார்களா, எங்கே, இப்போது இருக்கிறதா என்பதைப் பின்தொடர்வதுதான் கடினம். கொடுத்த கன்றை நட்ட மரமாக எண்ணிவிடும் ஆசை எல்லா நகராட்சிக்கும் உண்டு.

மூன்றாவது தெருமரப் பராமரிப்பு. இங்கேதான் ஒரு மனத்தாங்கலும் தொடங்கியது. நடைபாதை பொதுநிலம், எனவே வீட்டு முன்னால் மரம் நட வீட்டுக்காரர் சம்மதம் தேவையில்லை என்பது நியூயார்க்கின் நிலை. மாநகராட்சியின் 311 என்ற தொலைபேசி எண்ணில் மரம் கேட்டுக் காத்திருந்தவர் ஒரு பக்கம். கேட்காமலே ஒரு காலை வாசலில் குழி தோண்டியிருப்பதைப் பார்த்தவர் இன்னொரு பக்கம். இரண்டாமவரின் கோபத்துக்குக் காரணம் இலைக்குப்பை மட்டும் இல்லை. வேர் நடைபாதையைத் தூக்கினால் பழுது பார்க்கச் சொல்லி மனைக்காரருக்கே அறிவிப்பு வரும் என்ற பயம். வேர் உடைத்த நடைபாதையைச் செப்பனிட மாநகராட்சியிடம் தனித் திட்டம் உண்டு. ஆனால் அதற்கு வரிசை நீளம். ஆத்திரத்தில் இருப்பவரிடம் வாரம் 75 லிட்டர் தண்ணீர் எதிர்பார்க்க முடியாது. நடுவதற்கு முன் கதவைத் தட்டி, எந்த இனம், எப்போது, தண்ணீர் யார் என்று பேசும் ஓர் ஆளின் சம்பளம் மொத்தச் செலவில் மிகச் சிறியது. எல்லா மதிப்பீட்டிலும் முதலில் அடிபடும் வரியும் அதுதான்.

ஆர்வம் இருப்பவர்களுக்கு நகரம் ஒரு நல்ல கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ட்ரீஸ் நியூயார்க் என்ற அமைப்பு நடத்தும் வகுப்புகளை முடித்துத் தேர்வு எழுதினால் ‘சிட்டிசன் ப்ரூனர்’ உரிமம் கிடைக்கும். உரிமம் இல்லாமல் தெருமரத்தில் கத்தி வைப்பது சட்டப்படி குற்றம். உரிமம் இருந்தாலும் காலைத் தரையில் ஊன்றி, கைக்கருவியால் எட்டும் கிளை மட்டும், ஏணி கூடாது. இளமரத்தின் முதல் சில ஆண்டுக் கவாத்து முழுவதும் இந்த உயரத்துக்குள் முடிந்துவிடும். ஒன்றோடொன்று உரசும் கிளை, இரட்டைத் தலை, வேரடித் தளிர் ஆகியவற்றை அப்போதே எடுத்துவிட்டால், இருபது வருடம் கழித்துக் கிரேன் வைத்து அறுக்க வேண்டிய கிளை உருவாகாது. நகரம் நடப்புச் செலவில் வெட்டிய கவாத்தில் ஒரு பங்கைக் குடிமக்கள் கை ஈடுகட்டியது என்றால் அது இங்கேதான். ஆனால் முதிர்ந்த மரத்துக்கு இது மாற்றாகாது.

ஃப்ரீடவுன் பணத்தைப் பிழைப்போடு கட்டிய விதம்

சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் 2017 ஆகஸ்ட் 14 அன்று மலைச்சரிவு இடிந்து 1,141 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். காடழிந்த சரிவு, தொடர் மழை. 2018இல் மேயரான இவோன் அக்கி-சாயர் தொழிலால் பட்டயக் கணக்காளர். 2020 ஜனவரியில் அவர் தொடங்கிய ‘ஃப்ரீடவுன் தி ட்ரீடவுன்’ திட்டத்துக்கும் இலக்கு அதே பத்து லட்சம்தான். வித்தியாசம் கூலி கொடுக்கும் முறையில். மரம் நட்டவர் கிரீன்ஸ்டாண்ட் அமைப்பின் ட்ரீட்ராக்கர் செயலியில் படம் எடுப்பார். படத்தோடு இடக்குறியும் நேரமும் பதியும், மரத்துக்குத் தனி எண் விழும். பிறகு குறித்த இடைவெளிகளில் திரும்பிப் போய் அதே மரத்தைப் படமெடுத்தால்தான் கைப்பேசிப் பணமாக அடுத்த தவணை. நட்டதற்கு மட்டுமல்ல, பிழைத்ததற்கும் கூலி. சரிபார்த்த மரங்களை டிஜிட்டல் டோக்கன்களாக்கி நிறுவனங்களுக்கு விற்று, பராமரிப்புக்குத் தொடர் வருமானம் தேடுகிறார்கள். முதல் பருவங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் பிழைத்ததாக மாநகராட்சி சொல்கிறது. 2022க்குள் பத்து லட்சம் என்ற இலக்கு தள்ளிப்போனது.

முறையில் ஓட்டை இல்லாமல் இல்லை. கைப்பேசி இடக்குறி சில மீட்டர் பிசகும். நெருக்கமாக நட்ட சரிவில் எந்தப் படம் எந்தக் கன்று என்று குழம்பும். ஒரே கன்றை இரு கோணத்தில் எடுத்து இரண்டாகக் காட்டுவதும் நடக்கக்கூடியது. அதைச் சரிபார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் சம்பளம் வேண்டும். இருந்தாலும் பணம் மரத்தின் வயதோடு சேர்ந்து நகர்கிறது. 2022இல் இந்தத் திட்டத்துக்கு 10 லட்சம் டாலர் பரிசு கொடுத்தது ப்ளூம்பெர்க்கின் அறக்கட்டளை. நியூயார்க்கில் மரம் நட்டவரே, ஃப்ரீடவுனில் மரம் வளர்த்தலுக்குப் பணம் கொடுத்தார் என்று சொல்லலாம்.

பன்னிரண்டு மரத் தெருவின் மதிப்பீடு

உத்தரவாதம் முடிந்த பன்னிரண்டு மரம் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், சமூகக் குழு கேட்க வேண்டியது பெரிய தொகை அல்ல. ஆனால் எண்ணிக்கையோடு கேட்க வேண்டும். தண்ணீர் வாரம் 900 லிட்டர், பருவத்துக்கு 23,400. நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் குழாயில் மரத்துக்கு ஏழரை நிமிடம், மொத்தம் ஒன்றரை மணி. ஹோஸை இழுத்துப் போகும் நேரம் சேர்த்து இரண்டு. 26 வாரத்துக்கு 52 மணி நேர உழைப்பு. தெருவோரத் தீயணைப்புக் குழாயைத் திறக்க அனுமதி வேண்டும்; அது கிடைக்காத இடத்தில் கடைக்காரர் யாராவது ஒருவர் குழாய் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும், அவர் தண்ணீர்க் கட்டணமும் மதிப்பீட்டில் ஏற வேண்டும். மரத்தைச் சுற்றிக் கட்டும் சொட்டுப் பை ஒன்று 20 காலன் பிடிக்கும். வாரம் ஒருமுறை நிரப்பினால் மெதுவாக இறங்கும். குளிர்காலத்தில் அதைக் கழற்றாமல் விட்டால் அடிமரம் ஈரத்தில் ஊறும், எலி பட்டையைக் கடிக்கும்.

மூடாக்கு: 50 சதுர அடிக் குழியில் மூன்று அங்குலம் என்றால் 12.5 கன அடி, பன்னிரண்டுக்கு 150. அடிமரத்தைத் தொடாமல் ஒரு கையகலம் விட்டுப் பரப்ப வேண்டும். எரிமலைபோல் அடிமரத்தைச் சுற்றிக் குவித்து வைப்பது நியூயார்க்கில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பார்க்கலாம். கழுத்து அழுகுவது அதனால்தான். அடுத்த ஆண்டு பாதி மக்கியிருக்கும், 75 கன அடி மேல்போட வேண்டும். பனிக்காலத்தில் தூவும் உப்பு குழிக்குள் விழுந்திருந்தால் மார்ச்சில் ஒருமுறை தாராளமாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

மரத்தைக் காக்கச் சுற்றிலும் போடும் கூண்டில்தான் பணம் தவறான இடத்துக்குப் போகும். 2015 கணக்கெடுப்பில் 2,200க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கல் விளிம்போரமாக அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்து, ஒவ்வொரு மரத்துக்கும் சுற்றளவு மட்டுமல்லாமல் வேரில் கல் அழுத்துகிறதா, அடிமரத்தில் கம்பி சுற்றியிருக்கிறதா, கிளையில் பழைய காலணி தொங்குகிறதா என்பதுவரை குறித்தார்கள். கூண்டுக்கு நான்கு விடை: இல்லை, உதவுகிறது, கெடுக்கிறது, உறுதியில்லை. சுமார் 5.7 லட்சம் மரத்துக்குக் கூண்டே இல்லை. 52,000 கூண்டு உதவுகிறது. 20,000 கூண்டு மரத்தைக் கெடுக்கிறது. ஆளை மிதிக்கவிடாத, நாயை நெருங்கவிடாத, அதே நேரத்தில் மழைநீர் குழிக்குள் வழிய இடம்விட்ட தாழ்வான மூன்று பக்க வேலி உதவும். அடிமரத்தை ஒட்டி நிற்கும் வட்ட இரும்புக் கூண்டும், குழி விளிம்பில் செங்கல் வைத்துச் சிமென்ட் பூசி மண்ணை மேடாக்கும் கட்டும் கெடுக்கும். இரண்டாவதைத்தான் தெருக்காரர்கள் ஆசையோடு, சொந்தச் செலவில் கட்டுகிறார்கள். அதை இடிக்க ஒரு மண்வெட்டியும் பக்கத்து வீட்டுக்காரரோடு அரை மணி நேரப் பேச்சும் போதும், அதற்கும் மதிப்பீட்டில் ஒரு வரி போட்டுவைக்கலாம்.